ஆறுகுழி அச்சு

ஐந்தரைக்கு மணிக்கூடு அடித்தது. கேதீஸ்வரன் கையை நீட்டி அதை நிறுத்தினான். எழுந்து போர்வையை உதறி மடித்தான். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் சூடாகும்வரை நின்றான். முகம் வழித்தான். இடது மணிக்கட்டில் இருந்த தழும்பில் களிம்பு பூசினான். புண் ஆறி மூன்று மாதமாகிவிட்டது. களிம்பு தீரும்வரை பூசு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது இன்னும் தீரவில்லை.

வாசலில் இருந்த பால்போத்தலை எடுத்து வந்தான். மின்சாரக் கேத்தலில் தண்ணீர் வைத்தான். பாண் இரண்டு துண்டை வாட்டி, மாஜரீன் பூசி, நின்றபடியே ஒன்றைத் தின்றான். வெள்ளைச் சேட்டை அயன் பண்ணினான். வீதியில் குதிரைகளைப் பயிற்சிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். மெல்பேணுக்கு வெளியே இருந்த கிரான்பர்னில் அந்த நேரத்துக்கு வாகனங்களைவிடக் குதிரைகள்தான் அதிகம். வானொலியில் வெயில் முப்பத்திரண்டு பாகை என்றார்கள்.

எல்லா நாளும் இப்படித்தான். அன்று கூடுதலாக இருந்தது ஒன்றுதான். முன்னறைச் சோபாவில் ஜெயரட்ணம் படுத்திருந்தார்.

ஜெயரட்ணம், கேதீஸ்வரனின் இறந்துபோன மனைவி திலகத்தின் தமையன். சிட்னியில், மெரிலேண்ட்ஸில் குடும்பத்தோடு இருப்பவர். நில அளவைக் கந்தோரில் வேலை. அன்று நடக்கவிருந்த அவளுடைய மரண விசாரணைக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் முதல்நாள் பின்னேரம் ரயிலில் வந்து இறங்கினார். ஒரு சிறிய பெட்டி, ஒரு கறுப்புக் கோட்டு, மனைவி விமலா கட்டிக் கொடுத்த பருத்தித்துறை வடைப் பை.

"நித்திரை வந்ததோ மச்சான்?" என்று கேதீஸ்வரன் கேட்டான்.

"கால் மட்டும் கொள்ளேல்லை. அது சோபாவுக்கு வெளியில கிடந்தது. மிச்சம் எல்லாம் நல்லாக் கொண்டது." எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு குசினிக்கு வந்தார். அடுப்பின் மேல் பழைய பத்திரிகை விரித்திருந்ததைப் பார்த்தார். "நீர் ஒரு முட்டையும் பொரிக்கிறேல்லையோ?"

"இல்லை."

"அப்ப சாப்பாடு?"

"வேலையில கன்ரீன் இருக்கு. இஞ்ச பாண்."

"ஐஞ்சு மாசமாப் பாண்." கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "அப்பிடியெண்டால் நீர் வெள்ளைக்காரனாப் போனீர். இனி உமக்கு விசா பிரச்சினை வராது."

கேதீஸ்வரன் தேநீரை அவர் முன்னால் வைத்தான். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை.

"இண்டைக்கு என்ன சொல்லப் போறீர்?"

"கேக்கிறதுக்குப் பதில்."

"ஈயத்துக்குள்ள தண்ணி எங்கால வந்தது எண்டு கேப்பினம்."

"கேப்பினம்."

"பொலிசுக்கு என்ன சொன்னனீர்?"

"தெரியாது எண்டு. கராஜ் கூரை ஒழுகியிருக்கலாம் எண்டு."

"அதையே சொல்லும். மாத்தாதையும்." ஜெயரட்ணம் சாரத்து மடியிலிருந்து ஒரு நீல விமானக் கடிதத்தை எடுத்தார். அது பலமுறை மடித்து விரித்ததால் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. "அம்மா எழுதினது. நான் வாசிக்கிறன், கேளும். 'என்ர பிள்ளை முருகா எண்டு சொல்லிக்கொண்டுதான் கண்ணை மூடினது எண்டு மருமகன் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வைச்சுக்கொண்டுதான் எழும்புறன், படுக்கிறன்.' விளங்குதோ? அந்த மனிசிக்குப் பூசைத் தண்ணியாலதான் மகள் செத்தவள் எண்டு தெரியவந்தால், பிறகு என்ன இருக்கு அவவுக்கு? அவதானே இவளுக்கு அதெல்லாம் பழக்கினவ."

"ஓம்."

"நீர் ரெலிபோனில சொன்னதை நான் விமலாவுக்குக்கூடச் சொல்லேல்லை."

"ஓம் மச்சான்."

"இஞ்ச பேப்பரில போடுவாங்கள். யாழ்ப்பாணத்துக்கு அது போய்ச்சேர ஒரு கிழமை காணும். எங்கட சனத்துக்கு வேற என்ன வேலை."

கேதீஸ்வரன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். ஜெயரட்ணத்துக்குத் தெரிந்தது பாதி. தண்ணீர் தெளித்தவள் திலகம் என்ற பாதி. அந்தத் தண்ணீரை அவன் தன் கண்ணால் கண்டான், கண்டபின்தான் ஈயக்கட்டியை உருகிய ஈயத்துக்குள் போட்டான் என்ற மற்றப் பாதியை அவன் எவருக்கும் சொல்லவில்லை.

*

அவன் பேராதனையில் இரசாயனம் படித்தவன். டண்டினோங்கில் ஒரு வார்ப்பாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. உருகிய உலோகத்தின் மாதிரியை எடுத்துப் பார்த்து, அதில் என்ன கூட, என்ன குறைய என்று சொல்வதுதான் அவனுடைய தொழில். ஆய்வுகூடக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. ஈரமான எதையும் உருகிய உலோகத்துக்குள் போடாதே. அந்தப் பலகையைத் துடைப்பதும் அவன் பொறுப்பில் இருந்த சில்லறை வேலைகளில் ஒன்று.

வார்ப்பாலையின் மேற்பார்வையாளன் ரொன். அவன்தான் கேதீஸ்வரனைக் கைத்துப்பாக்கிக் கழகத்துக்கு முதலில் கூட்டிப் போனவன். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி, மண்மேடு, இருபத்தைந்து மீற்றரில் காகிதக் குறி. கேதீஸ்வரன் அதற்குமுன் துப்பாக்கியைத் தொட்டதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு விநாடி அவனுக்குப் பிடித்துப் போனது. அங்கே எவரும் நீ எந்த நாடு என்று கேட்கவில்லை. எத்தனை புள்ளி என்று மட்டும் கேட்டார்கள்.

கழகத்தில் அநேகமாக எல்லோரும் துப்பாக்கிச் சன்னங்களைத் தாங்களே வார்த்தார்கள். ரயர்க் கடைகளில் கார்ச் சில்லுகளிலிருந்து கழற்றிப் போட்ட ஈயத் துண்டுகளை வாங்கி உருக்கி, கேக் தட்டில் ஊற்றிக் கட்டிகளாக்கி வைப்பார்கள். பிறகு கட்டிகளைச் சட்டியில் உருக்கி அச்சில் வார்ப்பார்கள். கேதீஸ்வரனிடம் முதலில் இருந்தது ஒருகுழி அச்சு. ஒரு கரண்டி ஈயம், ஒரு சன்னம். இறுகும்வரை பொறுத்து, மேல்தட்டை மரச்சுத்தியலால் தட்டி, கைபிடியை விரித்தால் துணியில் ஒன்று விழும். மறுபடி மூடி, மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு ஞாயிறு முழுக்க நின்றால் கழகத்தில் ஒரு கிழமைக்குத் தேறும். அதில் சுருங்கியதும் குறைவிழுந்ததும் திரும்பச் சட்டிக்கே போகும்.

திலகத்துக்கு அந்த ஞாயிறுகள்தான் கணக்கு. அவள் டண்டினோங்கில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்தாள். கிழமை நாட்களில் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது இரவுச் சாப்பாட்டுக்குத்தான்.

"அம்மாவுக்குக் கடிதம் எழுதினனான்," என்று ஒருநாள் கராஜ் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "என்ர மனிசன் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுடுறார் எண்டு. அம்மா தோசை எண்டு நினைச்சிருப்பா. நல்ல மருமகன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவா."

"இண்டைக்குச் சுடேல்லை. வார்க்கிறன்."

"ரெண்டிலயும் எனக்குத் தோசை இல்லை."

அந்த வருஷம் செப்ரெம்பரில் அவனுடைய பிறந்தநாள் வந்தது. அவள் ரொன்னைப் பிடித்து, தன் சம்பளத்தில் ஓர் அச்சு எடுப்பித்தாள். ஆறுகுழி அச்சு. நீளமான இரும்புக் கட்டை, மரக் கைபிடி, மேல்தட்டைத் தள்ளி மிச்ச ஈயத்தை வெட்டத் தனியே ஒரு நெம்பு. வரிசையாக ஆறு குழிக்கும் ஓட்டி ஊற்றினால், ஒரு தடவையில் ஆறு சன்னம்.

"ஒண்டு செய்யிற நேரத்தில ஆறு," என்றாள். "பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு முடியும். ரொன் சொன்னவர். பின்னேரம் கடற்கரைக்குப் போவம். இனி உங்களுக்குச் சாட்டு இல்லை."

ரொன் அவளுக்குச் சொன்னதோடு கேதீஸ்வரனுக்கும் ஒன்று சொன்னான். "இது பசிக்காரன், கெத். சட்டியை அரைமணியில் காலி பண்ணிவிடும். கட்டிகளைச் சட்டி விளிம்பில் சுற்றி அடுக்கி வை. சூடேறிக் காயட்டும். குளிர்ந்ததை நேரே போடாதே."

ஒருகுழி அச்சில் அந்தச் சிக்கல் இல்லை. அடுப்பு மூட்டமுன்பே சட்டியைக் கட்டியால் நிரப்புவான். நெருப்புப் பிடித்து ஈயம் உருகமுன்பே எந்த ஈரமும் ஆவியாகிவிடும். அந்தச் சட்டி ஒன்று காலைமுழுவதும் போதும். கொதிக்கும் சட்டியில் இரண்டாம் முறை போட வேண்டி வந்ததில்லை.

*

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஆயுத பூசை. திலகம் தன் தையல் கத்தரியையும், அவனுடைய புத்தகங்களையும், காரின் திறப்பையும், குசினிக் கத்தியையும் சுவாமிப் படத்தின் முன்னால் வைத்தாள். கராஜில் இருந்ததைத் தூக்கிவர முடியாது. அங்கேயே போய்ச் சட்டிக்கும், கரண்டிக்கும், புது அச்சுக்கும், வாளியில் இருந்த ஈயக்கட்டிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். முந்தின வருஷமும் அப்படித்தான் வைத்தாள். அன்று எவரும் எந்த ஆயுதத்தையும் தொடவில்லை.

ஞாயிறு விஜயதசமி. படைத்ததை எடுத்து வேலை தொடங்கும் நாள். காலையில் தலை முழுகி, நைலெக்ஸ் சேலை கட்டி, கற்பூரம் காட்டினாள். செம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலைக்குப் பதிலாக எலுமிச்சை இலையும் எடுத்துக்கொண்டு கராஜுக்கு வந்து, எல்லாவற்றிலும் தெளித்தாள். பூக்களை எடுத்தாள்.

"இப்ப தொடங்குங்கோ," என்றாள். "இண்டைக்குத் தொடங்கினது வருஷம் முழுக்கத் தடையில்லாமல் நடக்கும்."

அவன் அச்சைத் துடைத்தான். சட்டியில் கட்டிகளை நிரப்பி அடுப்பை மூட்டினான். சட்டிக்குள் ஈரம் சீறி அடங்கியது. விளிம்பில் எட்டுக் கட்டிகளை அடுக்கினான். ஈயம் உருகியது. தோல் அங்கி, தோல் கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டிருந்தான்.

முதல் நான்கைந்து வார்ப்புச் சுருக்கம் விழுந்தது. அச்சு சூடேறியதும் சரியாக வந்தது. ஆறு, ஆறு, ஆறு. துணியில் விழும் சத்தமே வேறாக இருந்தது. கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. அந்த வேகத்தில் விளிம்பில் அடுக்கிய எட்டும் உள்ளே போய்விட்டன. அவன் திரும்ப அடுக்க மறந்தான்.

"திலகம்," என்று கூப்பிட்டான். "வந்து பாரும். ஆறும் ஒண்டா விழுது."

அவள் தேநீரோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவன் ஊற்றினான், நெம்பினான், விரித்தான். ஆறும் விழுந்தன.

"பாத்தீங்களே," என்றாள். "இதைத்தானே சொன்னனான்."

சட்டி கால்வாசிக்கு வந்துவிட்டது. வாளியில் கைவிட்டு ஒரு கட்டியை எடுத்தான். ஈயம் இறுகும்போது நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மஞ்சள் தண்ணீர் நின்றது. குங்குமம் கரைந்து ஓரத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. அவன் அதைக் கண்டான். கட்டியைச் சரித்துத் தண்ணீரை ஊற்றினான். அங்கியில் ஒரு தரம் துடைத்தான். பள்ளத்தின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அதையும் கண்டான்.

விளிம்பில் வைத்துக் காயவிட நாலைந்து நிமிஷம் வேண்டும். அதற்குள் அச்சு ஆறிவிடும். ஆறினால் திரும்ப ஐந்தாறு வார்ப்பு வீண். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கட்டியைச் சட்டிக்குள் போட்டான்.

சத்தம் பெரிதாக இல்லை. கதவை அடித்துச் சாத்துவது போல ஒன்று. சட்டியில் இருந்தது முழுக்க மேலே போனது. அவனுக்குக் கையுறைக்கும் சேட்டுக் கைக்கும் இடையில் ஒரு துளி பட்டது. திலகத்திடம் அங்கியும் இல்லை, கையுறையும் இல்லை. சேலை பிடித்துக்கொண்டது. நைலெக்ஸ் பருத்தியைப் போல எரிவதில்லை, உருகும். உருகி ஒட்டிக்கொண்டு எரியும். அவன் தோட்டக் குழாயைத் திறந்து அவளை நனைத்தான். அம்புலன்ஸ் வரும்வரை நனைத்துக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் பேசினாள். அன்று பின்னேரம் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். அதன்பின் பேசவில்லை.

*

காரை ஜெயரட்ணம் ஓட்டினார். டண்டினோங் வீதி வழியாக நகரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நகரத்தை நெருங்கி ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "இந்த மெல்பேண்காரன் ட்ராமை நடு ரோட்டில விட்டிட்டு எங்களை எந்தப் பக்கத்தால போகச் சொல்லுறான்?" என்றார். கேதீஸ்வரன் இடது பக்கத்தைக் காட்டினான்.

விசாரணை மன்றின் படியில் ரொன் நின்றான். சூட்டின் பொத்தான் வயிற்றில் பூட்டவில்லை. கேதீஸ்வரனின் தோளைப் பிடித்து ஒரு பக்கம் கூட்டிப்போனான். ஜெயரட்ணமும் பின்னால் போனார்.

"கேள், கெத். பூசைத் தண்ணீர் பற்றித் திலகம் முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு வசனம். 'என் மனைவி சாமிக்குத் தண்ணீர் தெளித்தாள், கட்டி நனைந்திருந்தது எனக்குத் தெரியாது.' சொல்லிவிட்டு இறங்கிவிடு. யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். அவளுக்கு ஈயத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"அதைச் சொல்லத் தேவையில்லை," என்றார் ஜெயரட்ணம் ஆங்கிலத்தில். "கூரை ஒழுகியது. அவ்வளவுதான்."

"கூரையைப் பொலிஸ் பார்த்துவிட்டது, மேட். அது ஒழுகவில்லை." ரொன் கேதீஸ்வரன் பக்கம் திரும்பினான். "நீ காணவில்லை என்று எனக்குத் தெரியும். கண்டிருந்தால் போட்டிருக்க மாட்டாய். அந்தக் கதவுப் பலகையைத் துடைக்கிறவன் நீ. கேட்டால் நான் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன்."

கேதீஸ்வரன் அவன் முகத்தைப் பார்த்தான். ரொன் மனதாரத்தான் சொன்னான்.

உள்ளே போகும்போது ஜெயரட்ணம் அவன் காதருகில் குனிந்தார். "அவன் உம்மைக் காப்பாத்தச் செத்தவளின்ர தலையில போடச் சொல்லுறான். நீர் அதுக்குப் போகாதையும். தெரியாது எண்டு சொல்லும். தெரியாததுக்கு ஒருத்தனும் மறியலில கம்பி எண்ணுறேல்லை."

"மச்சான்," என்றான் கேதீஸ்வரன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

*

மரண விசாரணை அதிகாரி வயதானவர். ஒரு காதில் கேட்கும் கருவி போட்டிருந்தார். கேள்விகளை ஒரு பொலிஸ் சார்ஜன்ற் கேட்டார். மேசையில் ஆறுகுழி அச்சு கிடந்தது. கைபிடியில் ஒரு அட்டை கட்டி இலக்கம் எழுதியிருந்தார்கள்.

முதலில் ஒரு வைத்தியர் பேசினார். பிறகு தீயணைப்புப் படையைச் சேர்ந்த ஒருவர். ஈயத்துக்குள் ஈரம் அகப்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் நீராவியாகி, மேலே கிடப்பதை வாரி எறியும் என்றார். பிறகு கேதீஸ்வரனைக் கூப்பிட்டார்கள். கீதையைக் கொடுத்தார்கள். அது ஆங்கிலக் கீதை. சத்தியம் செய்தான்.

"இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல முடியுமா?" சார்ஜன்ற் அச்சைத் தூக்கினார்.

அவன் சொன்னான். ஆய்வுகூடத்தில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னான். எங்கே ஊற்றுவது, எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்படி வெட்டுவது.

"ஆக, இது பழையதைவிட இலகு."

"ஓம். இலகு. வேகம்."

"எவ்வளவு வேகம்?"

"கை பழகினால் ஐந்து மடங்கு. கெட்டுப்போவதைக் கழித்தால் நாலு."

"அப்படியென்றால் சட்டியும் நாலு மடங்கு வேகமாகக் காலியாகும்."

"ஓம்."

"காலியானால் என்ன செய்வீர்கள்?"

"திரும்பக் கட்டி போட வேண்டும்."

"சட்டி கொதிக்கும்போதே?"

"ஓம்."

"பழைய அச்சோடு அப்படிச் செய்தீர்களா?"

"இல்லை. அப்போது குளிர்ந்த சட்டியில் போட்டுத்தான் மூட்டுவேன். முந்தின வருஷமும் கட்டிகள் நனைந்துதான் இருந்தன. ஒன்றும் நடக்கவில்லை."

சார்ஜன்ற் தாளைத் திருப்பினார். "முந்தின வருஷமும் நனைந்திருந்தன என்றீர்கள். எப்படி நனைந்தன?"

பின்வரிசை வாங்கில் ஜெயரட்ணம் நிமிர்ந்து இருந்தார். தலையை மெல்ல, இல்லை என்பது போல ஆட்டினார். அவருக்கு இரண்டு வரிசை முன்னால் ரொன் கைகளைக் கோத்துக்கொண்டு அவனையே பார்த்தான்.

"என் மனைவி தண்ணீர் தெளித்தாள். வருஷத்தில் ஒருமுறை தொழில் கருவிகளை வைத்துப் பூசை செய்வோம். அது வழக்கம். அவள் செய்ய வேண்டியதைத்தான் செய்தாள்."

ஜெயரட்ணம் கண்ணை மூடினார்.

"பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் கூரை என்றிருக்கிறது."

"அது பொய்."

அதிகாரி காதுக் கருவியைத் திருகினார். சார்ஜன்ற் ஒரு அடி முன்னால் வந்தார். "அவர் தெளித்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் குறிப்பிட்ட கட்டி நனைந்திருந்தது தெரியுமா?"

"பொறுங்கள்," என்றார் அதிகாரி. அவர் குரல் கடுமையாக இல்லை. "இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. சொன்னால் அது வேறொரு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக வரலாம். விளங்குகிறதா? வேண்டுமானால் ஒரு சட்டத்தரணியோடு பேசிவிட்டு வாருங்கள். நாம் ஒத்திவைக்கலாம்."

"விளங்குகிறது. ஒத்திவைக்கத் தேவையில்லை."

"அப்படியானால்?"

"நான் கண்டேன்."

எழுதுகிற பெண்ணின் யந்திரம் சற்றுப் பிந்தி ஓய்ந்தது.

"என்ன கண்டீர்கள்?"

"கட்டியின் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. ஊற்றிவிட்டுத் துடைத்தேன். உள்ளே வெடிப்பு இருந்தது. அதையும் கண்டேன். அதற்குள் ஈரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். என் தொழில் அது. காயவிட்டால் அச்சு ஆறிவிடும். அதனால் போட்டேன்."

"அச்சு ஆறிவிடும் என்பதற்காக."

"ஓம்."

ரொன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "மிஸ்ரர் கேதீஸ்வரன், ஐந்து மாதமாக நீங்கள் இதைச் சொல்லவில்லை. கண்டதற்குச் சாட்சியும் இல்லை. இன்று ஏன் சொல்கிறீர்கள்?"

"சாட்சி இருந்தது. அவள் பக்கத்தில்தான் நின்றாள்."

"அதைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா?"

"கேட்டாள். மூன்றாம் நாள், மத்தியானம்."

"நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?"

"சொல்லவில்லை. தாதி வந்தாள். நான் வெளியே போய் நின்றேன். திரும்பி வரும்போது குழாய் போட்டுவிட்டார்கள்."

"அதற்குப் பிறகு அவர் பேசினாரா?"

"இல்லை."

"கடைசி நேரத்திலும்?"

"இல்லை. ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை. ஊருக்கு நான் வேறுவிதமாக எழுதினேன். அதுவும் பொய்."

பின்வரிசையில் வாங்கு கிரீச்சிட்டது. ஜெயரட்ணம் எழுந்து நின்றார். வெளியே போகப் போகிறார் என்று கேதீஸ்வரன் நினைத்தான். அவர் போகவில்லை. முன்வாங்கின் மேல்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். காவலாளி அவரை இருக்கச் சொல்லிக் கை காட்டினான். அவர் அதைக் காணவில்லை.

"அவர் கேட்டதை, முடிந்தால் அவருடைய சொற்களிலேயே சொல்லுங்கள்," என்றார் அதிகாரி.

"அது தமிழில்."

"தமிழிலேயே சொல்லுங்கள். பிறகு எங்களுக்கு மொழிபெயர்க்கலாம்."

கேதீஸ்வரன் அதிகாரியைப் பார்க்கவில்லை. ஜெயரட்ணத்தின் பக்கம் திரும்பினான். சத்தத்தைக் கூட்டாமல், அவள் சொன்ன அளவிலேயே சொன்னான்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கட்டி ஈரமாக் கிடந்தது. நீங்கள் கண்டனீங்கள்தானே?"